அத்தியாயம் 7: பக்கத்தில் ஒரு படத்தை வைத்துப் படியுங்கள்

சினிமாவைப் பற்றி எழுத ஆசைப்படுகிற இளைஞர்கள் முதலில் கேட்பது, என்னென்ன புத்தகம் படிக்க வேண்டும் என்பதுதான். பெரும்பாலோர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். ஐம்பது, நூறு என்று தலைப்புகளை அடுக்கிய அந்தப் பட்டியல்களால் பயனடைந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பட்டியலின் தலையில் இருக்கும் கனமான கோட்பாட்டு நூலை ஆசையோடு வாங்குவார்கள். முப்பது பக்கம் தாண்டாது. தனக்குத்தான் மூளை போதவில்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். நல்ல வாசகர்கள் பலரை நாம் இழப்பது இந்த இடத்தில்தான்.

எனவே இந்த அத்தியாயத்தில் வரும் புத்தகங்கள் குறைவு. ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு படத்தை வைத்திருக்கிறேன். முதலில் படத்தைப் பாருங்கள். பிறகு புத்தகம். பிறகு அதே படம் மறுபடியும். இரண்டாம் முறை பார்க்கும்போது, முதல் தடவை கண்ணில் படாத ஒன்று பட வேண்டும். அப்படிப் பட்டால் அந்தப் புத்தகம் உங்களுக்கானது. படவில்லையென்றால் உலகமே அதைக் கொண்டாடினாலும் இப்போதைக்கு எடுத்து வைத்துவிடலாம். இரண்டு வருடம் கழித்து அது உங்களுக்கு வேறு புத்தகமாகத் தெரியும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில் முதல் முறை பார்த்தபோது தோன்றியது, வலது பக்கத்தில் படித்த பின் பார்த்தபோது தோன்றியது. நட்சத்திர மதிப்பெண் போட வேண்டாம். கதையைச் சுருக்கி எழுதவும் வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: யார் எங்கே நின்றார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, பாட்டு எந்த இடத்தில் நின்றது. பிற்பாடு கட்டுரை எழுத உட்காரும்போது கைகொடுப்பது இந்தக் குறிப்புகள்தான்.

வேலை செய்தவர்கள் எழுதியவை

முதல் புத்தகமாக நான் யாருக்கும் கொடுப்பது சிட்னி லூமெட்டின் 'மேக்கிங் மூவீஸ்'. 1995இல் வந்தது. தொலைக்காட்சி நாடகங்களில் பழகி சினிமாவுக்கு வந்த அமெரிக்க இயக்குநர் அவர். புத்தகத்தின் அமைப்பே ஒரு பாடம். திரைக்கதை, நடிகர்களின் ஒத்திகை, கேமரா, கலை இயக்கம், உடை, படப்பிடிப்பு, எடிட்டிங், இசை, மிக்ஸிங் என்று படம் உருவாகிற வரிசையிலேயே அத்தியாயங்கள் நகர்கின்றன. ஆங்கிலம் மிக எளிமையானது. பிளஸ் டூ வரை படித்தவர் அகராதி இல்லாமல் படித்துவிடலாம்.

இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய படம் அவருடைய முதல் திரைப்படமான '12 ஆங்ரி மென்' (1957). ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறையில் அடைபட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய முழுப் படமும் அந்த ஓர் அறைக்குள்தான் நடக்கிறது. முதல் முறை பார்க்கும்போது வசனமும் நடிப்பும் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். நேரம் ஆக ஆக மூச்சு முட்டுவது போல இருக்கும். ஏன் என்று தெரியாது. லூமெட் தன் புத்தகத்தில் அந்தக் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். படத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கைக் கண்மட்டத்துக்கு மேலிருந்து எடுத்தார். நடுப்பங்கைக் கண்மட்டத்தில் எடுத்தார். கடைசிப் பங்கில் கேமராவைக் கண்மட்டத்துக்குக் கீழே இறக்கினார். கேமரா இறங்கியதால் அறையின் கூரை சட்டகத்துக்குள் வந்தது. போதாக்குறைக்கு, படம் போகப் போக நீண்ட குவியத்தூர லென்ஸ்களுக்கு மாறிக்கொண்டே போனார். அதனால் பின்சுவர்கள் மனிதர்களை நெருங்கி வருவதாகத் தெரிந்தது. கடைசியில் அவர்கள் வெளியே வரும்போது மட்டும் அகன்ற லென்ஸ். அப்போது நமக்கும் மூச்சு திரும்புகிறது.

அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, படத்தைத் தொடக்கத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, முடிவுக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். மூன்று சட்டகங்களிலும் கூரை எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். இந்த ஒரு பயிற்சியே கேமரா கோணம் பற்றிய பல பாடப்புத்தக அத்தியாயங்களை உங்களுக்கு மிச்சப்படுத்தும். பிறகு உங்களுக்கு வசனமெல்லாம் மனப்பாடமான ஒரு தமிழ்ப் படத்தை எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டு, கேமரா எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டும் ஒரு அரை மணி நேரம் பாருங்கள். பத்து வருடமாகப் பார்த்த படம் புதிதாகத் தெரியும்.

அடுத்தது எடிட்டர் வால்டர் மர்ச்சின் 'இன் த பிளிங்க் ஆஃப் அன் ஐ'. மெலிந்த புத்தகம், சிட்னி நகரில் 1988இல் அவர் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்தது. இயக்குநர் கப்போலாவின் 'த கான்வர்சேஷன்' (1974) படத்தை எடிட் செய்துகொண்டிருந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். தான் ஷாட்டை வெட்டத் தீர்மானித்த இடத்துக்கு மிக அருகில், நடிகர் ஜீன் ஹேக்மன் கண் சிமிட்டியிருந்தார். ஒருமுறை இரண்டுமுறை அல்ல, திரும்பத் திரும்ப. ஓர் எண்ணம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மனிதன் கண் சிமிட்டுகிறான், நல்ல வெட்டும் அங்கேதான் விழுகிறது என்பது அவர் அதிலிருந்து எடுத்த முடிவு. இதை நம்புவதற்கு முன் நீங்களே சோதித்துப் பாருங்கள். யாராவது உங்களிடம் ஒரு நீண்ட கதை சொல்லும்போது அவர் எங்கெங்கே கண் சிமிட்டுகிறார் என்று பாருங்கள்.

மர்ச் ஒரு வெட்டை எடைபோட ஆறு அளவுகோல் வைத்திருக்கிறார், அவற்றுக்குச் சதவீதமும் தருகிறார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, லயத்துக்கு 10. கண் போகும் திசை, திரையின் தளம், வெளியின் தொடர்ச்சி ஆகியவை மீதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இதைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உணர்ச்சி ஒன்றே மற்ற ஐந்தையும் சேர்த்தாலும் விஞ்சும் என்று சொல்வதற்காகத்தான் அந்த 51. கண்டினியுட்டி தவறியதைக் கண்டுபிடித்து அதையே விமர்சனம் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை அவசியம் படிக்க வேண்டும். அவர்கள் பிடித்துக்கொண்டு நிற்பது பட்டியலின் அடியில் கிடக்கிற சில சதவீதங்களை.

மர்ச் பிடித்துப்போனால், கொழும்பில் பிறந்த நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சி அவரோடு நடத்திய உரையாடல்களின் தொகுப்பான 'த கான்வர்சேஷன்ஸ்' (2002) அடுத்த படி. ஒண்டாச்சியின் 'த இங்கிலிஷ் பேஷன்ட்' நாவல் படமானபோது அதை எடிட் செய்தவர் மர்ச். தன் நாவலை வெட்டி ஒட்டிய ஆளிடம் நாவலாசிரியரே உட்கார்ந்து கேள்வி கேட்பது அபூர்வம். பொறாமையோ புகாரோ இல்லாமல் கேட்கிறார்.

ராய்: நாவல், படம், கட்டுரை

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பரிந்துரையை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். மூன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும்: விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் 'பதேர் பாஞ்சாலி' நாவல் (1929), சத்யஜித் ராயின் படம் (1955), ராயின் கட்டுரைத் தொகுப்பான 'அவர் ஃபிலிம்ஸ், தேர் ஃபிலிம்ஸ்' (1976). ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

முதலில் நாவல். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பரவலாகக் கிடைக்கிற கிளார்க், முகர்ஜி மொழிபெயர்ப்பு, குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படுவதோடு நிறுத்திவிடுகிறது. படமும் அங்கேதான் முடிகிறது. ஆனால் விபூதிபூஷண் அங்கே முடிக்கவில்லை; வங்க மூலத்தில் நாவலுக்கு இன்னொரு பகுதி உண்டு. இது தெரியாமல், ராய் நாவலின் முடிவை அப்படியே எடுத்துக்கொண்டார் என்று எழுதியவர்கள் உண்டு.

நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்க்கும்போது மூன்று இடங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

முதலாவது, கிழவி இந்திர். நாவலில் அவள் தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறாள். அக்கா துர்கா அப்போது சின்னப் பெண், தம்பி அப்பு கைக்குழந்தை. படத்தில் ராய் அவளை நெடுநேரம் உயிரோடு வைத்திருக்கிறார், பிள்ளைகள் வளர்ந்த பிறகே அவள் சாகிறாள், அவள் இறந்துபோனதைக் காண்பதும் அவர்கள்தான். இரண்டாவது, ரயில். நாவலில் அக்காவும் தம்பியும் ரயில் பாதையைத் தேடிப் போகிறார்கள், ரயிலைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். துர்கா கடைசிவரை ரயிலைப் பார்ப்பதே இல்லை. அந்த ஏக்கம் நாவலின் பெரிய வலி. படத்தில் நாணல்பூக் காட்டைத் தாண்டி இருவரும் ஓடுகிறார்கள், ரயில் வருகிறது. மூன்றாவது, துர்கா திருடிய பொருள். அவள் இறந்த பிறகு அப்பு அதைக் கண்டெடுக்கிறான். நாவலில் அது குங்குமம் வைக்கும் ஒரு சின்னத் தங்கச் சிமிழ். அதை மூங்கில் புதருக்குள் வீசுகிறான். படத்தில் அது மணிமாலை, குளத்தில் வீசுகிறான். விழுந்த இடத்தில் பாசி விலகி ஒரு வட்டமாகத் தண்ணீர் தெரிகிறது, பிறகு பாசி மெல்ல மூடிக்கொள்கிறது.

மூங்கில் ஏன் குளமாயிற்று? ராய் என்ன சொன்னார் என்று தேடுவதற்கு முன் உங்கள் பதிலை நோட்டில் எழுதுங்கள். என் பதில் இது. மூங்கில் புதருக்குள் ஒரு பொருள் விழுவதை எழுத்தாளரால் ஒரு வாக்கியத்தில் நிரந்தரமாக்கிவிட முடியும். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்று அவரே சொல்லிவிடலாம். கேமராவால் அப்படிச் சொல்ல முடியாது. அதற்குக் கண்ணுக்கு முன்னால் ஏதாவது மூடிக்கொள்ள வேண்டும். பாசி அதைச் செய்கிறது. நாவலைப் படமாக்குவது என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தச் சில விநாடிகள். நாவலுக்கு உண்மையாக இருந்தாரா, துரோகம் செய்தாரா என்ற சண்டையெல்லாம் இந்த இடத்தில் அர்த்தமிழந்து போகிறது.

இதற்குப் பிறகு கட்டுரைகளுக்கு வாருங்கள். ராய் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தபோது இந்த நாவலின் சிறுவர் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்தவர். சினிமாவாக்கும் எண்ணம் அங்கிருந்துதான் முளைத்தது. படப்பிடிப்பை நினைவுகூரும் கட்டுரையில், நாணல்பூக் காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிக் காட்சியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பிப் போனால், பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்ததைச் சொல்கிறார். அடுத்த பருவத்தில் பூ மறுபடி பூக்கும்வரை காத்திருந்துதான் மீதியை எடுத்தார்கள். படத்தில் அந்தக் காட்சியை இப்போது மறுபடி பாருங்கள். இரண்டு பருவங்களின் பூ ஒரே ஓட்டத்தில் இருக்கிறது.

அதே தொகுப்பில், இந்தியப் படங்களில் என்ன கோளாறு என்று கேட்டு அவர் 1948இல் எழுதிய கட்டுரையும் இருக்கிறது. எழுதியபோது அவர் ஒரு படமும் எடுத்திருக்கவில்லை. கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியை நண்பர்களோடு அதற்கு முந்திய வருடம்தான் தொடங்கியிருந்தார். விமர்சகராக வைத்த கோரிக்கைகளை இயக்குநரானபின் எத்தனை தூரம் தானே நிறைவேற்றினார் என்று சரிபார்த்துக்கொண்டே படிக்கலாம். விமர்சனம் எழுத விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ராயோடு சேர்த்து அகிரா குரோசாவாவின் சுயசரிதை 'சம்திங் லைக் அன் ஆட்டோபயாகிரஃபி'யையும் படித்துவிடுங்கள். 'ராஷோமோன்' (1950) படத்தோடு நின்றுவிடும் நூல் அது. மௌனப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் தொழிலில் இருந்த அண்ணனைப் பற்றிய பக்கங்களுக்காகவே படிக்கலாம். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் இடிபாடுகளையும் சடலங்களையும் பார்க்கத் தம்பியை அழைத்துப் போய், முகத்தைத் திருப்பாமல் நன்றாகப் பார் என்று சொன்னவர் அந்த அண்ணன். குரோசாவா வன்முறையைப் படமெடுத்த விதத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

நம் படங்களின் பூர்வீகம்

தமிழில் சினிமா பற்றி எழுதுகிறவர்களில் பலருக்கு இத்தாலிய நியோரியலிசம் வருடவாரியாகத் தெரியும். 1930களின் தமிழ்ப்படம் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். இந்தக் குறையைத் தீர்க்க ஒருவர் போதும்: சு. தியடோர் பாஸ்கரன். அஞ்சல் துறையில் உயர் பதவி வகித்தவர், காட்டுயிர் பற்றி எழுதுகிறவர், அத்தோடு தமிழ்ச் சினிமா வரலாற்றை ஆவணம் ஆவணமாகத் தேடிச் சேர்த்தவர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'த மெசேஜ் பேரர்ஸ்' (1981) விடுதலைப் போராட்டக் காலத்தில் நாடகமும் இசைத்தட்டும் சினிமாவும் எப்படி அரசியல் பேசின என்பதைச் சொல்கிறது. 'த ஐ ஆஃப் த சர்ப்பென்ட்' (1996) சினிமா நூலுக்கான தேசிய விருது பெற்றது. ஆங்கிலம் சிரமமென்றால் தமிழில் அவர் எழுதிய 'எம் தமிழர் செய்த படம்' நூலில் தொடங்கலாம். சிறுசிறு கட்டுரைகள், ஒரு பேருந்துப் பயணத்தில் இரண்டு முடிக்கலாம்.

தமிழ்ப்படத்தில் ஏன் இத்தனை பாட்டு, நடிகர்கள் ஏன் கேமராவைப் பார்த்து நின்று பேசினார்கள், வசனம் ஏன் காட்சியை விழுங்கியது என்பதற்கெல்லாம் அவர் கம்பெனி நாடக மேடையைக் காட்டுகிறார். இதைப் படித்த பிறகு பழைய படத்தைப் பார்த்து 'நாடகத்தனமாக இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போக மனம் வராது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். பக்கத்தில் வைக்க வேண்டிய படம் கே. சுப்ரமணியம் இயக்கிய 'தியாகபூமி' (1939). கல்கி அந்தக் கதையை ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோது படத்தின் ஸ்டில்களே தொடருக்குப் படங்களாக அச்சாயின. நாவலும் சினிமாவும் ஒன்றுக்கொன்று விளம்பரமாக நடந்தன. வெள்ளைக்கார அரசு பின்னர் படத்தைத் தடை செய்தது.

அடுத்த கட்டம் எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 'த இமேஜ் டிராப்' (1992). தமிழில் 'பிம்பச் சிறை' என்று பூ.கொ. சரவணன் மொழிபெயர்ப்பில் வந்திருக்கிறது. எம்.ஜி.ஆர். திரையில் ஏழைகளின் காவலராக உருவானது எப்படி, அந்த உரு அரசியலில் என்ன செய்தது என்று ஆராயும் நூல். 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) பார்த்துவிட்டுப் படியுங்கள், சாட்டைக் காட்சிக்கு மறுபடி வாருங்கள். யாருடைய கையிலிருந்து சாட்டை யாருடைய கைக்கு மாறுகிறது, அதற்குப் பிறகு அந்த வீட்டின் சொத்து யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பாண்டியனின் கேள்விகள் கூர்மையானவை. ஆனால் ரசிகரை அவர் ஏமாந்தவராகவே பார்த்துவிடுகிறார் என்பது என் எண்ணம். அதைச் சமன்செய்ய, மதுரையில் தங்கி உழைக்கும் மக்களோடு படம் பார்த்து, ரசிகர் மன்றத்தாரோடு பேசிச் சாரா டிக்கி எழுதிய 'சினிமா அண்ட் தி அர்பன் புவர் இன் சவுத் இந்தியா' (1993) நூலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ரசிகருக்கும் ஒரு கணக்கு உண்டு என்பது அதில் தெரியவரும்.

கதைக்குள் சினிமா, சினிமாவுக்குள் கதை

சினிமாத் தொழிலைப் பற்றித் தமிழில் வந்த நூல்களிலேயே சிறந்தது எதுவென்று கேட்டால் ஒரு நாவலைத்தான் சொல்வேன்: அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'. அவர் ஜெமினி ஸ்டூடியோவில் 1952 முதல் பதினான்கு வருடங்கள் வேலை பார்த்தவர். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. அங்கே பார்த்ததை ஆங்கிலத்தில் 'மை இயர்ஸ் வித் பாஸ்' என்று நினைவுக்குறிப்பாகவும் எழுதினார். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் அதன் ஒரு பகுதியைப் படித்தவர்கள் பலர், அது ஒரு தமிழ் எழுத்தாளருடையது என்று தெரியாமலே கடந்துவந்திருக்கிறார்கள்.

'கரைந்த நிழல்கள்' நாவலில் நட்சத்திரங்கள் ஓரமாகத்தான் வருகிறார்கள். புரொடக்‌ஷன் மேனேஜரும் உதவி இயக்குநரும் வண்டி ஓட்டுகிறவரும் நடுவில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் பார்வை வேறொருவரிடம் போய்விடுகிறது. ஒருவர் எங்கே போனார் என்று தேடினால், பிறிதொருவர் பேச்சில் ஒற்றை வாக்கியமாக அகப்படுகிறார். ஒரு படம் நின்றுபோவதால் எத்தனை குடும்பத்தில் அடுப்பு அணைகிறது என்பதைக் குரலே உயர்த்தாமல் சொல்லும் நூல் இது. விமர்சனம் எழுதுகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும், குறிப்பாகத் தோல்விப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட ஆசை வரும்போது. படத்தில் குறை இருந்தால் சொல்லத்தான் வேண்டும். டைட்டிலில் ஓடுகிற அத்தனை பெயருக்கும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்ற நினைப்போடு சொன்னால் வார்த்தை தானாகவே சரியாக விழும்.

கதை படமானதற்கு ஒப்பிட்டுப் படிக்கத் தமிழில் பல இணைகள் உண்டு. நான் முதலில் தருவது பூமணியின் 'வெக்கை' (1982), வெற்றிமாறனின் 'அசுரன்' (2019). நாவல் சிறுவன் சிதம்பரத்தின் தோளிலேயே உட்கார்ந்திருக்கிறது. கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் கதை. கரிசல் காட்டின் ஓடையும் கரடும் புதரும் அவர்கள் தின்பதும் ஒளிவதும் அத்தனை நுணுக்கமாக வரும். நாவலில் தந்தை 'அய்யா' மட்டும்தான். படத்தில் அவருக்குச் சிவசாமி என்று பெயர் வருகிறது, ஓர் இளமைக்காலம் வருகிறது, கதையின் நடுவிடம் பையனிடமிருந்து அவருக்குப் போய்விடுகிறது. நாவலில் இல்லாத ஒரு நீண்ட பின்கதையைப் படம் கட்டி எழுப்புகிறது. இதனால் என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்று இரண்டு பத்திகளில் எழுதிப் பாருங்கள். இரண்டுமே இருக்கிறது. ஒன்றை மட்டும் எழுதினால் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது இணை புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை', மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979). இங்கே கதையிலிருந்து ஒரு விதை மட்டும்தான் வந்தது, மரம் வேறு. மகேந்திரன் அதை மறைக்கவில்லை. துக்ளக்கில் சினிமா விமர்சனம் எழுதிய பத்திரிகையாளராக இருந்து இயக்குநரான அவர், 'சினிமாவும் நானும்' என்று தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். அதை 'உதிரிப்பூக்கள்' பார்த்த பிறகு படியுங்கள்.

சினிமா பேசாத சினிமாப் புத்தகங்கள்

இரண்டே இரண்டு. ஜூனிசிரோ தனிஸாகியின் 'இன் ப்ரெய்ஸ் ஆஃப் ஷேடோஸ்' (1933) ஜப்பானிய வீடுகளின் இருட்டைப் பற்றிய கட்டுரை. பளபளக்கும் அரக்குப் பாத்திரம் மின்விளக்கில் பகட்டாகத் தெரியும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் அதன் ஆழம் தெரியும் என்கிறார். ஒளிப்பதிவைப் பற்றி இதைவிடக் கூர்மையாக எழுதிய ஒளிப்பதிவு நூல்கள் குறைவு. அதைப் படித்த வாரத்தில் பாலு மகேந்திராவின் ஏதாவது ஒரு படத்தைப் பாருங்கள், சன்னல் வெளிச்சம் அறைக்குள் எதுவரை போகிறது என்று பாருங்கள். மற்றொன்று ஜான் பெர்ஜரின் 'வேஸ் ஆஃப் சீயிங்' (1972). ஓவியங்களில் பெண் பார்க்கப்படுகிறவளாகவே வரையப்பட்டதைப் பற்றிய அதன் அத்தியாயத்தைப் படித்துவிட்டு எந்த ஊர்ப் பாடல் காட்சியைப் பார்த்தாலும் கேமரா யாருடைய கண் என்ற கேள்வி வந்து நிற்கும்.

இப்போதைக்கு ஒத்திவைக்க வேண்டியவையும் உண்டு. தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்கல்ப்டிங் இன் டைம்' அற்புதமான நூல், ஆனால் அவர் படங்களில் இரண்டையாவது பார்க்காதவருக்கு அது வெறும் தத்துவமாகத் தெரியும். பிரெஸ்ஸோனின் குறிப்புகளுக்கும் இதே நிபந்தனைதான். ஆந்த்ரே பஸான் கட்டுரைகளை 'பைசைக்கிள் தீவ்ஸ்' பற்றியதிலிருந்து தொடங்கலாம். முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய அவசியமில்லை. திரைக்கதைக் கையேடுகள் எழுதப்போகிறவருக்கு, பார்க்கிறவருக்கு அல்ல. சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' ஒன்று மட்டும், திரைக்கதை என்பது காகிதத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, எல்லோருக்கும் உதவும்.

எங்கே தேடுவது

எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டாம். வாங்கினால் லூமெட், ராய், அசோகமித்திரன், பூமணி நான்கையும் வாங்குங்கள். இவை திரும்பத் திரும்ப எடுக்கிற புத்தகங்கள். தமிழ் நூல்களுக்கு ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிவரை காத்திருந்தால் கழிவு கிடைக்கும். அச்சில் இல்லாதவற்றுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி போய்ச்சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் ஆங்கில நூல்களைத் தேடிப்பாருங்கள். வெளியூர்க்காரர்கள் முதலில் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். நூலகரிடம் புத்தகத்தின் பெயரைச் சொல்லி நின்றுவிடாமல், வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த சேகரிப்பிலிருந்து 1994இல் உருவானது. பழைய சினிமாப் பாட்டுப்புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. தியேட்டர் வாசலில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற அந்த மெல்லிய தாள்களில் பாட்டு, நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம் எல்லாம் இருக்கும். கதைச்சுருக்கம் முக்கியமான திருப்பத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். படமே அழிந்துபோய்ப் பாட்டுப்புத்தகம் மட்டும் மிஞ்சிய பழைய படங்கள் தமிழில் நிறைய. அப்படிப்பட்ட ஒரு படத்தின் பாட்டுப்புத்தகத்தை எடுத்துவைத்து, பாட்டுகளின் வரிசையையும் சுருக்கத்தையும் கொண்டு அந்தப் படம் எப்படி ஓடியிருக்கும் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

போகும்போது படத்தின் பெயரோடு ஆண்டையும் இயக்குநர் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள். தமிழில் ஒரே பெயரில் இரண்டு மூன்று படங்கள் இருப்பது சாதாரணம். 'உன்னைப்போல் ஒருவன்' வேண்டும் என்று கேட்டால், ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே இயக்கிய 1965ஆம் ஆண்டுப் படமா, 2009இல் கமல்ஹாசன் நடித்து வந்ததா என்று தேடுகிறவருக்குத் தெரியாது.